கடைசிக் கோப்பு எது? கூட்டு ஆய்வில் தரவைப் பகிரும் முறை

கேள்வி: வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நான்கு பேர் சேர்ந்து ஓர் ஆய்வு செய்கிறோம். எக்செல் கோப்பு மின்னஞ்சலில் சுற்றிச் சுற்றி வருகிறது. எது கடைசிப் பதிப்பு என்றே தெரியவில்லை. ஆய்விதழோ தரவையும் வெளியிடச் சொல்கிறது. எந்த மென்பொருள் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நான்கு பேரும் ஒரே கோப்பில் கை வைக்கும் வரை எந்த மென்பொருள் வந்தாலும் இந்தக் குழப்பம் தீராது.

சேகரித்த மூலத் தரவை அப்படியே பொதுவான ஒரு கோப்புறையில் போட்டு, 'வாசிக்க மட்டும்' என்று பூட்டிவிடுங்கள். பிழை கண்ணில் பட்டாலும் அதைத் தொடக் கூடாது. திருத்தமெல்லாம் நகலில்தான். அதையும் ஆர் (R) அல்லது பைத்தான் மொழியில் நிரலாக எழுதி, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) என்ற மென்பொருளில் வைத்தால், யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது பதிவாகிவிடும். நிரல் எழுத வராதா? சரி, தேதி, பெயர், மாற்றம், காரணம் என்று நான்கு பத்தியில் (நெடுவரிசையில்) ஒரு குறிப்பேடு போதும்.

எக்செலிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 'செப்ட்2', 'மார்ச்1' என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. தரவை, தமிழ் எழுத்தும் சிதையாத யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில், காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பான சிஎஸ்வியாக (CSV) சேமியுங்கள். அதையும் எக்செலில் நேரடியாகத் திறந்தால் இதே வேலையைக் காட்டும். இறக்குமதி வழியாக, அந்தப் பத்தியை 'உரை' என்று குறித்துத் திறக்க வேண்டும்.

அப்புறம், பலரும் தள்ளிப்போடும் வேலை ஒன்று: ஒவ்வொரு பத்திக்கும் விளக்கம் எழுதுவது. வயது கேட்டதற்குப் பதில் வராத இடத்தில் ஒருவர் 99 என்று போட்டிருப்பார். இன்னொருவர் அதையும் சேர்த்துச் சராசரி எடுப்பார். 'வயது: நிறைவடைந்த ஆண்டுகள், 99 என்றால் பதில் இல்லை' என்ற ஒரு வரி இருந்தால் அந்தத் தப்பு நடக்காது. இதை எழுதாமல் தரவைப் பகிர்ந்தால், ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது புரியாது.

வெளியிடுவதற்கு ஸெனோடோ (Zenodo) என்ற இணையக் களஞ்சியம் நல்ல இடம். ஐரோப்பாவின் செர்ன் (CERN) இயற்பியல் ஆய்வகம் அதை 2013 முதல் நடத்துகிறது, கட்டணம் இல்லை, ஒரு பதிவில் 50 ஜிபி வரை ஏற்றலாம். டிஓஐ (DOI) என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், கட்டுரையில் அதைக் கொடுத்தால் போதும். பின்னால் திருத்தம் வந்தால் புதிய பதிப்பாக ஏற்றுங்கள், அதற்குத் தனி டிஓஐ வரும். உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பிஒய் 4.0 (CC BY 4.0) என்று வைத்தால், பயன்படுத்துபவர்கள் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

மனிதர்களைப் பற்றிய தரவு என்றால் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பல நேரங்களில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பிறந்த தேதிக்குப் பதில் வயதுப் பிரிவு போடுங்கள். தரவைப் பகிர அவர்களிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் பொதுவில் ஏற்ற வேண்டாம்.

முதல் வேலையாக, நான்கு பேரிடமும் உள்ள கோப்புகளை வாங்கி வரிசை எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால், எந்த வரிசை எங்கே விடுபட்டது என்று தேடிய பிறகே மூலக் கோப்பைப் பூட்டுங்கள்.