வேலையை விடாமல் நிலைத்தன்மை மேலாண்மை படிக்கலாமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர்கள் இப்போது தண்ணீர், கரண்ட், கார்பன் கணக்கெல்லாம் கேட்கிறார்கள். ‘சஸ்டெய்னபிலிட்டி (நிலைத்தன்மை) எம்.பி.ஏ.’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். வேலையோடு சேர்த்துப் படிக்க முடியுமா? பொருளாதாரம் எனக்கு வருமா?

பதில்: முடியும். ஆனால் எம்.பி.ஏ.வில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் ஒரே ஒரு பாடம் படித்துப் பாருங்கள். மத்திய அரசின் ஸ்வயம் இணையவழிக் கல்வித் தளத்தில் சுற்றுச்சூழல் பொருளாதாரம், நிலைத்தன்மை சார்ந்த 8 வார, 12 வாரப் படிப்புகள் வருகின்றன. சேர்வது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்திலும் படிக்க நேரம் ஒதுக்க முடிகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பொருளாதாரத்தைப் பற்றிய பயம் வேண்டாம். அதன் முக்கியமான பாடம் ஒன்று உங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. சாயக் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலந்த காலத்தில், ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட ஆலை வாங்கிய கூலியில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயியின் நஷ்டம் சேரவே இல்லை. லாபம் ஒருவருக்கு, செலவு வேறொருவருக்கு. இதைத்தான் புறவிளைவு என்கிறார்கள். ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகு 1920-லேயே இதை விரிவாக எழுதினார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு மாறாமல் இயங்க முடியாது என்றாகிவிட்டது. ஆர்.ஓ., ஆவியாக்கும் கருவிகள், அவற்றுக்கான மின்சாரம் என்று அதுவரை விவசாயி சுமந்த செலவு ஆலையின் கணக்குக்குள் வந்தது. அந்தச் செலவை ஆலை ஏற்பதா, ஏற்றுமதியாளரா, பையரா? விலை பேசும்போது நீங்கள் தினமும் மோதுவது இந்தக் கேள்வியோடுதான். பாடத்தில் அதற்கு வரைபடமும் கணக்கும் இருக்கும், அவ்வளவுதான்.

இந்த அடிப்படை இல்லாத படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதனால் பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். செலவுக் கணக்கியல், சுற்றுச்சூழல் பொருளாதாரம், ஸ்கோப் 1, 2, 3 கார்பன் கணக்கு (முறையே நிறுவனத்தின் நேரடி உமிழ்வு, வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு, சப்ளை செய்பவர்கள் உள்ளிட்ட மற்றவர்களின் உமிழ்வு), ஒரு பொருளின் முழு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு ஆகியவை இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் உமிழ்வு பையருடைய ஸ்கோப் 3 கணக்கில் போய்ச் சேர்கிறது. அவர்கள் விடாமல் கேட்பதற்குக் காரணம் அதுதான். ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரியைச் சொல்லிப் பயமுறுத்தும் விளம்பரங்களுக்கு மயங்காதீர்கள். அந்த வரி இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்குத்தான். ஆடைகள் அதில் இல்லை.

அடுத்த படியாக இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல், நிலையான வளர்ச்சி முதுநிலை டிப்ளமோவைப் பார்க்கலாம். பட்டமே வேண்டுமென்றால் இக்னோ எம்.பி.ஏ.வை 2 ஆண்டில் முடிக்கலாம், 4 ஆண்டு வரை அவகாசமும் உண்டு. வேலையில் இருப்பவருக்கு அந்த அவகாசம் பெரிய வரம். வேறு எங்கே சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் நீங்களே பாருங்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் அறிவித்திருக்கிறது. ‘எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.’ என்ற பெயரில் விற்கப்படும் வெறும் சான்றிதழுக்கு இது பொருந்தாது.

அப்புறம், பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கிய, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு விவரங்களைச் சொல்லும் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையின் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும், ஓராண்டு மின் கட்டணம், டீசல், தண்ணீர், சாய ஆலை பில்களை வைத்து அதை நிரப்பிப் பாருங்கள். எங்கே எண் கிடைக்காமல் தடுமாறுகிறீர்களோ, அதையே பிராஜெக்ட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த பில்களைப் பார்ப்பதற்கான அனுமதியையும் தேர்வு நாட்களுக்கான லீவையும் பணம் கட்டுவதற்கு முன்பே முதலாளியிடம் பேசி வாங்கிவிடுங்கள். இக்னோ தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும்.