கோர்ட் செலவை யார் கட்டுவது?

ஐயா,

சிறைவாசிகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இங்கிலாந்தில் சில வருடங்களுக்கு முன், குற்றம் நிரூபணமானவரிடமே கோர்ட் நடத்தும் செலவை வசூலித்தார்களாமே? எனக்கு அது நியாயமாகவே படுகிறது. திருடனுக்காக நான் ஏன் வரி கட்ட வேண்டும்? நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா?

– வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கேள்விப்பட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்தத் திட்டம் ஒன்பது மாதம்கூட ஓடவில்லை. நீதித்துறை அமைச்சர் கிறிஸ் கிரேலிங் காலத்தில், 2015 ஏப்ரலில் வந்தது. அவருக்குப் பின் வந்த மைக்கேல் கோவ் அந்த டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்.

கட்டணப் பட்டியலைப் பார்த்தால் காரணம் புரியும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் 150 பவுண்டிலிருந்து ஆரம்பம். மறுத்து, வழக்கு நடத்தித் தோற்றால் 1,000 வரை. பெரிய குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில் 1,200 வரை. இதெல்லாம் அபராதம் போக. ஆளின் வருமானத்தைப் பார்த்துத் தொகையைக் குறைக்கவும் மாஜிஸ்திரேட்டுக்கு வழியில்லை. கையில் காசில்லாதவன் என்ன செய்வான்? செய்யாததையும் செய்தேன் என்று சொல்லிவிட்டுப் போவான். அங்கே மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவர்கள். அவர்களிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இதற்காகப் பதவியை விட்டார்கள்.

நம் ஊரில் அப்படியே ஒரு கட்டணம் கிடையாது. போலீஸ் தானாகக் கைது செய்ய முடியாத குற்றங்களில், புகார் கொடுத்தவரின் செலவைத் தண்டனை பெற்றவர் தரும்படி கோர்ட் உத்தரவிடலாம்; தராவிட்டால் 30 நாள் வரை சாதாரணச் சிறை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (CrPC) இது 359-ஆம் பிரிவு; அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) 400-ஆம் பிரிவு. ஆனால் அது நீதிபதியின் விருப்பம்.

உங்கள் வரிப்பணம் பற்றியும் சொல்ல வேண்டும். அபராதம் கட்ட முடியாதவரைப் புழல் சிறையில் வைத்துச் சோறு போடுவதும் அதே வரிப்பணத்தில்தான். 2023-இல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, அபராதத்துக்கு 25,000 வரை உதவி என்று அப்போது அறிவித்தார்கள். அபராதம் போடுவதும் அரசு, கட்டுவதும் அரசு!

சரி, நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு செக் கேஸ் விஷயமாக நண்பரோடு நகரத்தில் ஒரு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இளநீர் வண்டிக்காரர் ஒருவர். அவர்மேல் '75' போட்டிருந்தார்கள், அதாவது பொது இடத்தில் ரகளை செய்ததாக. சண்டை போட்டது பக்கத்து வண்டிக்காரர்தான், நான் விலக்கிவிடப் போனேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வக்கீல் குமாஸ்தா அலுத்துக்கொள்ளாமல் கேட்டார். அப்புறம், "கேஸ் நடத்தினா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வரணும். ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா மத்தியானமே வண்டியைப் போடலாம்" என்றார். இளநீர்க்காரர் சட்டைப்பையிலிருந்து பத்தும் இருபதுமாக எண்ணினார். குறைந்தது. டீக்கடைக்காரரிடம் வாங்கி வந்து கட்டினார்.

வெளியே வந்து, "சார், இது எம் பேர்ல கேஸா நிக்குமா?" என்று கேட்டார்.

"நிக்கும்" என்றார் குமாஸ்தா, ரசீதை அவர் கையில் கொடுத்தபடி.