கிளாக்கோமா அறுவை சிகிச்சையின் பலன் எத்தனை ஆண்டுகள் நீடிக்கும்?

தந்தைக்குக் கிளாக்கோமா (பெரும்பாலும் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு நலியும் நோய்) அறுவை செய்யச் சொல்கிறார்கள், அதன் பலன் எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு வந்திருப்பது எந்த வகை என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. விடையில் பாதி அதில்தான் இருக்கிறது. நான் மருத்துவன் அல்லன். இரு கண்களிலும் இந்நோய்க்காக அறுவை செய்துகொண்டவன் என்ற முறையில், கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

இந்த அறுவை இழந்த பார்வையைத் திருப்பித் தராது. கண் அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சியிருக்கும் பார்வையைக் காக்க முயல்கிறது, அவ்வளவே. கண்புரை அறுவை செய்துகொண்ட உறவினரைப் பார்த்துவிட்டு அதே எதிர்பார்ப்போடு வருபவர்கள்தாம் பின்னர் மிகவும் ஏமாற்றம் அடைகிறார்கள்.

கண்ணின் உள்நீர் வடியும் மூலையைக் கோணம் என்பார்கள். அது திறந்தே இருக்கும் திறந்த கோண வகைக்குப் பெரும்பாலும் செய்யப்படுவது, 1968இல் கெய்ர்ன்ஸ் என்ற கண் மருத்துவர் விவரித்த டிராபெகுலெக்டமி என்ற அறுவை. கண்ணின் நீர் வெளியேற மேல் இமைக்கு அடியில் ஒரு சிறு வழி திறக்கப்படுகிறது. உடலோ அதை ஆற வேண்டிய காயமாகவே நடத்தித் தழும்பால் அடைத்துவிடப் பார்க்கிறது. அதைத் தடுக்கவே அறுவையின்போது மைட்டோமைசின் என்ற மருந்தைத் தடவுகிறார்கள். பலன் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது பெருமளவில் இந்தத் தழும்பைப் பொறுத்தது. ஏற்கெனவே கண்புரை அறுவையோ, பலனளிக்காத டிராபெகுலெக்டமியோ நடந்திருந்த 212 கண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வில், 5 ஆண்டு முடிவில் டிராபெகுலெக்டமி 46.9 விழுக்காட்டிலும், டியூப் (நீரை வெளியேற்றக் கண்ணில் பொருத்தும் சிறு குழாய்) 29.8 விழுக்காட்டிலும் தோல்வியடைந்தன. தோல்வி என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம்: அழுத்தம் போதிய அளவு குறையாததும், அளவுக்கு மீறிக் குறைந்ததும், மறு அறுவை தேவைப்பட்டதும் அந்தக் கணக்கில் அடங்கும். முன்பு அறுவையே செய்யப்படாத கண்களை ஆராய்ந்தபோது டியூபுக்கு இந்த மேன்மை தென்படவில்லை. என் வலக்கண்ணில் முதலில் டிராபெகுலெக்டமியும், கண்புரை அறுவை முடிந்திருந்த இடக்கண்ணில் மதுரை ஆரோலேப் தயாரிக்கும் டியூபும் வைக்கப்பட்டதற்கான காரணத்தை இதற்குப் பிறகே புரிந்துகொண்டேன்.

மூடிய கோண வகையில் கதை வேறு. அங்கே தடித்துப்போன கண் லென்ஸே கோணத்தை நெருக்குவதில் பெரும்பங்கு வகிப்பதால், அதை அகற்றுவதே சிகிச்சையாக அமையலாம். 50 வயதைக் கடந்த 419 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஈகிள் ஆய்வில், கண்ணின் நிறமுள்ள திரையான ஐரிஸில் லேசரால் துளையிடுவதைவிடத் தொடக்கத்திலேயே லென்ஸை எடுத்ததற்கு 3 ஆண்டு முடிவில் நல்ல பலன் இருந்தது. ஆனால் கோணம் நெடுங்காலமாக ஒட்டிப்போயிருந்தால் இதை மட்டும் நம்ப முடியாது.

நீரிழிவாலோ விழித்திரை இரத்தக்குழாய் அடைப்பாலோ புதிய நாளங்கள் முளைத்து வரும் வகைக்குத்தான் நீண்ட காலப் பலன் மிகக் குறைவு. மூல நோயான விழித்திரைப் பாதிப்பையும் சேர்த்துக் கவனிக்காவிட்டால் எந்த அறுவையும் நிலைக்காது. பிறவி கிளாக்கோமாவில், பிறந்த சில மாதங்களுக்குப் பின் நோய் வெளிப்பட்டு உடனே அறுவை செய்யப்படும் குழந்தைகளுக்குப் பலன் நன்றாகவே இருக்கிறது. பிறக்கும்போதே நோய் இருந்தால் அவ்வளவு நம்பிக்கை தருவதில்லை.

உங்கள் தந்தைக்கு டிராபெகுலெக்டமி என்று முடிவானால், அறுவைக்குப் பல ஆண்டுகள் கழித்தும் அந்த வழியாகக் கிருமி நுழையக்கூடும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிராமல் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.