கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள்: கூலன்ட் ஒழுக்கு, கேள்வி-பதில்

சொந்தமாக ஸ்பானர் பிடித்து வேலை பார்த்தவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி. வேலை முடிந்தது, வண்டி ஓடுகிறது, ஆனால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) குறைகிறது. பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வாட்டர் பம்பும் டைமிங் பெல்ட்டும் நானே மாற்றினேன். நான்காவது நாளிலிருந்து இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் பச்சையாகச் சொட்டுகிறது. பக்கத்துப் பட்டறையில் கேட்டால், உள்ளே பிளக் துருப்பிடித்திருக்கும், கியர்பாக்ஸ் இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா? (ஈரோடு வாசகர்)

இப்போதைக்கு இறக்க வேண்டாம். இன்ஜின் பிளாக்கின் பின்னால் நீர் அறையை அடைத்து நிற்கும் தகட்டு பிளக் துருப்பிடித்து ஓட்டையாவது உண்டுதான். ஆனால் இத்தனை வருஷம் சும்மா இருந்த பிளக், நீங்கள் பம்ப் மாற்றிய நான்காம் நாளா ஒழுகும்? நீங்கள் கை வைத்த இடங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் மற்ற இடம்.

சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. கூலன்ட் பிளாக்கின் விளிம்பைப் பிடித்து, வயர் மேல் ஊர்ந்து, எங்கே பள்ளமோ அங்கே போய் நின்று சொட்டும். அதனால் கீழே படுத்துப் பார்ப்பதைவிட மேலிருந்து வர வேண்டும்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு சந்தேகமான பக்கத்தைக் கழுவி, காற்றடித்துக் காய வையுங்கள். பம்பைச் சுற்றியும் பின்னால் போகும் குழாய் நெடுகவும் முகப்பவுடரைத் தூவுங்கள் (பெல்ட் மேல் மட்டும் வேண்டாம்). பிறகு ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று போட்டிருந்தால் 0.9 பார் வரை மட்டும் அடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பதினைந்து நிமிஷம் டெஸ்டரின் முள்ளைக் கவனியுங்கள். முள் இறங்கினால், வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு ஒன்று விழுந்திருக்கும். கோட்டின் மேல் நுனிதான் நீங்கள் தேடும் இடம்.

அங்கே நான்கு காரணங்களில் ஏதாவது ஒன்று இருக்கும். பம்ப் கேஸ்கெட் (இரு உலோக முகங்களுக்கு நடுவே ஒழுகாமல் அடைக்கும் தகடு) உட்காரும் முகத்தில் பழைய கேஸ்கெட் துணுக்கு ஒட்டியிருக்கலாம். பல இன்ஜின்களில் பின்பக்கமிருந்து ஓர் இரும்புக் குழாய் வந்து பம்புக்குள் செருகி நிற்கும்; அதன் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) பலர் மாற்றுவதே இல்லை, அல்லது காய்ந்தபடி செருகி மடித்துவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் அப்படிக் குழாய் இருந்தால் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான், ஏனென்றால் அங்கே கசிந்தால் குழாய் வழியாகவே பின்பக்கம் போய்விடும். மூன்றாவது, பம்பின் கீழுள்ள சின்னத் துளை. அதில் வழிந்தால் பம்பின் உள் சீல் போய்விட்டது. புதுப் பம்பாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். துளையை அடைக்காதீர்கள்.

நான்காவதை என் சொந்த வண்டியில் பார்த்தேன். இரண்டு முறை கேஸ்கெட் மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, ஒரு போல்ட் தலையின் அடியில் மட்டும் கடுகளவு துளி திரண்டு, பெரிதாகி, விழுந்தது. துடைத்தேன், அதே இடத்தில் மறுபடி திரண்டது. அந்த போல்ட்டின் துளை நீர் ஓடும் அறைக்குள் போய்த் திறக்கிறது. மரைக்கு சீலன்ட் தடவாமல் முறுக்கினால் கூலன்ட் மரை வழியாகவே ஏறி வெளியே வரும். கழற்றும்போது எந்த போல்ட் மரையில் பழைய வெள்ளைப் பசை இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

பழைய மாருதி 800. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது) மாற்றினேன். வெளியே ஒரு சொட்டு இல்லை, ஆனால் வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறது. (மதுரை)

முதல் இரண்டு மூன்று நாள் குறைந்திருந்தால், உள்ளே சிக்கிய காற்று வெளியேறுகிறது என்று விட்டிருக்கலாம். வாரா வாரம் என்றால் கூலன்ட் இன்ஜினுக்குள் போகிறது.

ஆயில் மூடியின் உள்பக்கத்தையும் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். ஆயில் காபி நிறத்தில் பால் கலந்தது போல இருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். அந்த ஆயிலில் பேரிங் தாங்காது. ஆயில் சுத்தமாக இருந்தால் நீல நிறச் சோதனைத் திரவம் வாங்குங்கள். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதற்குள் இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாக மாறும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் வெள்ளைப் புகையோடு இனிப்பு வாடை வந்து, சூடான பிறகும் நிற்காவிட்டால் அதுவும் சாட்சி.

கேஸ்கெட் புதிது, பிறகு ஏன்? ஹெட் அலுமினியம். ஒருமுறை ஓவர்ஹீட் ஆனால் வளைந்துவிடும். நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தீர்களா? இதுபோன்ற சின்ன இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தாலே லேத்துக்குக் கொண்டுபோய் ஃபேஸிங் போட (முகத்தைச் சீவிச் சமமாக்க) வேண்டும். போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் காற்றடித்து எடுத்தீர்களா என்பதும் முக்கியம். அடி மூடிய துளையில் திரவம் தேங்கினால் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) ‘டிக்’ என்று சொல்லிவிடும், ஹெட் மட்டும் இறுகியிருக்காது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும். மறுபடி இறக்க மனசு வராது, தெரியும். ஆனாலும் இறக்கித்தான் ஆக வேண்டும்.

தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் வழியைத் திறக்கும் வால்வு) ஹவுசிங்கில் சிலிகான் பேஸ்ட் தாராளமாகப் போட்டும் கசிகிறது.

தாராளம்தான் காரணம். வெளியே பிதுங்கியது போலவே உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து போய் ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். முழுக்கச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, கேஸ்கெட்டோ ரப்பர் வளையமோ கொடுத்திருந்தால் பேஸ்ட் இல்லாமல் அதை மட்டும் போடுங்கள். பேஸ்ட் மட்டுமே போடும் ஹவுசிங் என்றால் மெல்லிய ஒரே கோடு போதும். கூலன்ட் ஊற்றும் முன் ஓர் இரவு பேஸ்ட்டைக் காய விடுங்கள். தெர்மோஸ்டாட்டின் ஆடும் சிறு ஊசி மேல்பக்கம் வரட்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

காலையில் மட்டும் ஹோஸ் முனையில் ஈரம். சூடானால் நின்றுவிடுகிறது.

கிளிப்தான். குளிரும்போது ரப்பர் சுருங்கும், திருகு கிளிப் அதோடு சுருங்காது. கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளிப்பைத் தூக்கிப் போட்டிருந்தால் அதையே தேடி மாட்டுங்கள். குழாய் முனையில் உருண்டு நிற்கும் விளிம்பைத் தாண்டி கிளிப் உட்கார வேண்டும், விளிம்பின் மேல் அல்ல. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் வாயை முறுக்கி உடைத்துவிடாதீர்கள்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடலாமா?

நடுவழியில், பட்டறை கண்ணுக்கெட்டாத தூரத்தில் அது பலரை வீடு சேர்த்திருக்கிறது. ஊசித் துளையை அடைக்கும், உண்மைதான். ஆனால் மஞ்சளுக்குக் கசிவு எது, ஹீட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. வீட்டில் நிற்கும் வண்டிக்கு வேண்டாம். போட்டாயிற்று என்றால், சரியான ரிப்பேருக்குப் பிறகு நன்றாக ஃப்ளஷ் செய்து, கூலன்ட்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். போர் தண்ணீர் உள்ளே உப்புப் படிய வைக்கும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால்தான் கூலன்ட் அளவு தெரிகிறது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். சூடில்லாமல், விறைப்பில்லாமல் தளர்ந்திருக்க வேண்டும். 0.9 மூடி உள்ளே தண்ணீரை ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் பிடித்து வைக்கிறது. சூட்டில் திறந்த கணமே அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். அவசரம் என்றாலும் வேண்டாம்.

போர்டிகோவில் சொட்டியதை எங்கள் நாய் நக்குகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், அதனால்தான் நக்குகிறது. கொஞ்சமே போதும், சிறுநீரகம் பழுதாகிவிடும். வாந்தியோ தள்ளாட்டமோ வரட்டும் என்று காத்திராமல் இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், என்ன குடித்தது என்று சொல்லுங்கள். கூலன்ட் டப்பாவையும் எடுத்துப் போங்கள். தரையில் மணலைக் கொட்டி ஊற வைத்து வாரி, பிறகு தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒழுக்கு நிற்கும் வரை வண்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதையும் நக்கும், ஆகவே நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள்.