ஆகஸ்ட் 'டேக்ஸ் ஃப்ரீ வீக்கெண்ட்' வரை பொறுக்கலாமா?

தம்பி, ஜூலை கடைசியில் குடும்பத்தோடு இங்கே அமெரிக்காவில், டெக்சஸில் டல்லாஸ் பக்கத்து பிளேனோவுக்கு வருவதாகவும், இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கூலுக்கான துணிமணி, ஷூ எல்லாம் சென்னையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு வருவதா, இங்கே வரி இல்லாத நாட்களில் வாங்குவதா என்றும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டுப்பாவாடையை அங்கே வாங்குங்கள், ஷூவை இங்கே வாங்குங்கள். ஷூ டப்பா பெட்டியில் பாதி இடத்தைத் தின்றுவிடும்.

ஊரில் எம்.ஆர்.பி. என்றால் வரியெல்லாம் சேர்ந்த விலை. இங்கே விலை அட்டையில் இருப்பது வரி சேராத விலை. 20 டாலர் சட்டைக்கு கவுண்டரில் 21.65 கேட்பார்கள். டெக்சஸ் மாநில வரி 6.25 சதவீதம், அதற்கு மேல் உள்ளூர் நிர்வாகங்கள் 2 சதவீதம் வரை போட்டுக்கொள்ளலாம். பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் எங்கே போனாலும் மொத்தம் 8.25. சம்பளத்தில் மாநில வருமான வரி பிடிக்காத இடம் அல்லவா, அதை இப்படியும் வீட்டு வரியிலும் வசூலித்துக்கொள்கிறார்கள்.

இந்த 'டேக்ஸ் ஃப்ரீ வீக்கெண்ட்' சலுகை டெக்சஸில் 1999இலிருந்து இருக்கிறது. ஸ்கூல் திறப்பதற்குச் சற்று முன்பு, ஆகஸ்டில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு. 2025இல் 8 முதல் 10ஆம் தேதி வரை. துணி, ஷூ, புத்தகப் பை, நோட்டு, பென்சில் மாதிரியானவற்றுக்கு அந்த மூன்று நாளும் வரி கிடையாது. லேப்டாப்புக்கு உண்டு.

கவனிக்க வேண்டியது 100 டாலர் கோடு. மொத்த பில் எவ்வளவு ஏறினாலும் கவலையில்லை, ஒவ்வொரு பொருளும் 100க்குக் கீழே இருக்க வேண்டும். 99.99 ஷூவுக்கு வரி இல்லை. சரியாக 100 ஆனால் முழு விலைக்கும் வரி, 8.25 டாலர் கூடும். 110 டாலர் ஷூவுக்குக் கடையே 15 சதவீதம் தள்ளுபடி கொடுத்து 93.50 ஆனால் தப்பித்தீர்கள். ஆனால் '120 டாலர் ஷூ வாங்கினால் இன்னொரு ஜோடி இலவசம்' என்று போட்டிருந்தால், ஜோடிக்கு 60தானே என்று நம் ஊர்க் கணக்கு சொல்ல முடியாது. ஆன்லைனில் டெலிவரி கட்டணமும் விலையோடு சேரும். 95 டாலர் பொருளுக்கு 10 டாலர் டெலிவரி என்றால் 105, வரி வந்துவிடும். பணம் அந்த மூன்று நாளுக்குள் கட்டியிருந்தால் பொருள் பிறகு வந்தாலும் பரவாயில்லை.

கைப்பை, பர்ஸ், கடிகாரம், குடை, நகை, சூட்கேஸ் இதெல்லாம் கணக்கில் வராது. பையன் சாக்கரில் சேரப்போகிறான் என்றால், அடியில் முள் வைத்த அந்த விளையாட்டு ஷூவுக்கும் வரி உண்டு. சாதாரண ஓட்ட ஷூவுக்கு இல்லை. தையல்காரரிடம் கொடுக்க வாங்கும் துணி, நூல், ஜிப்புக்கும் விலக்கு இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: 400 டாலருக்கு வாங்கினால் மிச்சம் 33 டாலர். பிள்ளைகளுக்கு எப்படியும் வாங்கத்தானே வேண்டும், வாங்குங்கள். ஆனால் சனிக்கிழமை மதியம் பார்க்கிங் தேடி அலைந்து, கூட்டத்தோடு கூட்டமாகத் தேவையில்லாததையும் அள்ளிப் போட்டால் அந்த 33 எங்கே போனதென்றே தெரியாது. வாஷிங்டனில் இருக்கும் டேக்ஸ் ஃபவுண்டேஷன் என்கிற ஆய்வு அமைப்பு இந்த மாதிரிச் சலுகைகளைப் பல வருடமாகவே குறை சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் கூடுதலாக வாங்குவதில்லை, வாங்கும் தேதியைத்தான் மாற்றிக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. குளிர்கால ஜாக்கெட்டை ஆகஸ்டில் தேடாதீர்கள். பிப்ரவரியில் க்ளியரன்ஸ் போடும்போது விழும் தள்ளுபடிக்கு முன்னால் இந்த எட்டேகால் ஒன்றுமே இல்லை. முதல் வருடத்துக்கு ஆளுக்கொரு சாதாரண ஜாக்கெட் ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். டல்லாஸ் குளிர் சில நாட்கள்தான் கடிக்கும்.

உங்கள் நியூ ஜெர்சி நண்பர் 'எங்களுக்கு இதெல்லாம் இல்லையே' என்றாராம். அவர்களுக்கு எதற்கு? அங்கே வருடம் முழுக்கச் சாதாரண உடுப்புக்கு வரி கிடையாது. பென்சில்வேனியாவிலும் அப்படித்தான். கலிஃபோர்னியாவில் இருந்தால் வருடம் முழுக்கக் கட்ட வேண்டியதுதான்.

வந்த வாரமே பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப்போய்க் காலை அளந்து, எந்தக் கம்பெனியில் எந்த சைஸ் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கத்திய நம்பர் வேறு. வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் வாங்கிவிடுங்கள், பில்லைத் தூக்கிப் போட வேண்டாம். சைஸ் சரியில்லை என்று அதே ஷூவைப் பிறகு மாற்றிக்கொண்டால் வரி கேட்க மாட்டார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பொருள் எடுத்தால் அதற்கு வரி போடுவார்கள்.