பானை வழவழப்பும் வயித்துப் பாக்டீரியாவும்

கேள்வி: செங்கோட்டையிலருந்து எழுதுறேன் சார். பழஞ்சோத்துப் பானைய ரெண்டு நாள் கழுவாம விட்டா உள்ளுக்குள்ள வழவழன்னு ஒரு பூச்சு. தயிர்ல உள்ள நல்ல பாக்டீரியாவும் குடல்ல இப்படித்தான் ஒட்டுமா?

பதில்: கிட்டத்தட்ட அதேதாங்க, பேரு பயோஃபிலிம், பாக்டீரியா தானே சுரக்குற சர்க்கரை, புரதப் பசைக்குள்ள கூட்டமா குடியிருக்கும். ஆனா தயிர் பாக்டீரியா சாப்பிட்ட உடனே குடல்ல இந்தப் பூச்சக் கட்டிடாது, பெரும்பாலும் அப்படியே வெளிய போயிரும். அமிலம், உப்புச்செறிவு, குடல் சளி, கிடைக்குற தீனி எல்லாம் சேர்ந்துதான் ஒட்டுமா இல்லையான்னு முடிவு பண்ணும். வேடிக்கை என்னன்னா, பித்தநீர் கிருமியக் கொல்லும்னு நெனப்போம், பிஃபிடோங்கிற நல்ல குடல் பாக்டீரியா வகையில சிலது அது பட்டதும்தான் தற்காப்புக்குக் கூட்டமா ஒட்டுது. வெங்காயம், பூண்டுல உள்ள இனுலின்ங்கிற நார்ச்சத்து நமக்குச் செரிக்காது, அதுங்களுக்கு விருந்து. அதனால பழஞ்சோத்துக்கு உள்ளி கடிக்கிறத விட்ராதீங்க, பானைய மட்டும் தினம் தேய்ச்சுக் கழுவிருங்க, அங்க ஒட்டுறது நல்லதா கெட்டதான்னு கண்ணால தெரியாது.