வலியே இல்லாத பல்லில் சொத்தை என்று எக்ஸ்ரே சொன்னால் நம்பலாமா?

கேள்வி இதுதான்: பல்லைச் சுத்தம் செய்யப் போனேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கடைவாயில் இரண்டு பற்களுக்கு நடுவே சொத்தை, அடைக்கவேண்டும் என்கிறார்கள். வலியும் இல்லை, கண்ணாடியில் பார்த்தால் ஓட்டையும் இல்லை. காசு பிடுங்கப் பார்க்கிறார்களா?

உங்கள் சந்தேகம் புதிதில்லை. நான் சிங்கப்பூரில் ஒரு பேட்டைப் பல் மருந்தகத்தில் உதவியாளர். மருத்துவர் இல்லை, ஆனால் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நாற்காலி பக்கத்தில் நிற்பவள். "வலிக்கவே இல்லையேம்மா, அப்புறம் எதுக்கு?" என்று கேட்காத அங்கிள் ஆன்ட்டி குறைவு.

சொத்தை இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். உடனே அடைக்கவேண்டுமா என்பது வேறு கேள்வி. அதைப் படத்தைப் பார்த்துத்தான் பேசவேண்டும்.

கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்தத் தொடும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் சொத்தை ஆரம்பிக்கும். பிரஷ் அங்கே போகாது, மருத்துவரின் குட்டிக் கண்ணாடிக்கும் அது எட்டாது. வெளியே இருக்கும் எனாமலில் நரம்பு கிடையாது, அதனால் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்கும் வரை காத்திருந்தால் பல நேரம் ரூட் கெனால் வரை போய்விடும்.

அதற்காக எடுப்பதுதான் பைட்விங் படம். சென்சாருக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிக் கடைவாயில் வைத்துக் கடிக்கச் சொல்வோம். விளிம்பு ஈறில் குத்தும், சிலருக்குக் குமட்டும். மூக்கால் மூச்சு விட்டு, ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளச் சொன்னால் கவனம் மாறிக் குமட்டல் அடங்கும். படம் சில விநாடிகளில் திரைக்கு வந்துவிடும். தலையைச் சுற்றி வரும் கருவியில் மொத்த வாய்க்கும் எடுக்கும் ஓபிஜி, ஞானப்பல், தாடை எலும்பு பார்க்க நல்லது. பல்லிடுக்குச் சின்னச் சொத்தைக்கு பைட்விங்தான்.

திரையில் என்ன பார்க்கவேண்டும்? எனாமல் பளிச்சென்று வெள்ளை. உள்ளே டென்டின் சாம்பல். நடுவில் நரம்பு இருக்கும் இடம் கறுப்பு. இடுக்குச் சொத்தை வெள்ளை ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்பு முக்கோணமாகத் தெரியும், கூர்முனை உள்பக்கம் பார்த்து நிற்கும். எனாமலும் டென்டினும் சேரும் கோட்டைத் தாண்டிவிட்டால் அங்கிருந்து அகலமாகப் பரவும். உங்கள் மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: "அந்தக் கோட்டைத் தாண்டிடுச்சா, டாக்டர்?"

தாண்டவில்லை, மேற்பரப்பு உடையவில்லை என்றால் பல நேரம் துளைக்கவே வேண்டாம். ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, இடுக்கில் ஃபிளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூல்) போட்டு, இனிப்பைக் குறைத்து, அடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நாளுக்கு நாலு கப் தே (இனிப்புப் பால் தேநீர்) குடிப்பவர் பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்'குக்கு மாறுவதும் இதில் ஒரு சிகிச்சைதான். டென்டினுக்குள் நன்றாக இறங்கிவிட்டது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

டிஜிட்டல் எக்ஸ்ரே என்றால் எல்லாம் தெரியும் என்று நினைக்கவேண்டாம். எனாமலில் இருக்கும் தாதுக்கள் 30 முதல் 40 சதவீதம் போன பிறகுதான் படத்தில் கறுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். அதனால் உண்மைச் சொத்தை படத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் ஆழமாகத்தான் இருக்கும். கோணம் சரியில்லாவிட்டால் பக்கத்துப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடுக்கையே மறைத்துவிடும், அப்படி வந்தால் மறுபடி எடுக்கத்தான் வேண்டும். பழைய வெள்ளி அடைப்பு சுத்த வெள்ளையாக விழுந்து பின்னால் இருப்பதை மறைக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. ஈறு ஓரத்தில் பல் ஒடுங்கும் இடம் சொத்தையே இல்லாமல் கறுப்பாகத் தெரியலாம். சில பழைய பல் நிறப் பிசின் அடைப்புகளும் அப்படித்தான் ஏமாற்றும். அதனால்தான் நல்ல மருத்துவர் படத்தை வைத்து மட்டும் முடிவு சொல்லமாட்டார், காற்றடித்துப் பல்லைக் காயவைத்து ஒருமுறை வாயையும் பார்ப்பார். சந்தேக இடத்தில் மென்பொருளே கட்டம் போட்டுக் காட்டும் வசதியும் வந்துவிட்டது. அதையும் ஒரு மனிதர் பார்த்துச் சொல்லட்டும் என்பதுதான் என் கட்சி.

டிஜிட்டலில் எனக்குப் பிடித்தது ஒப்பிடும் வசதி. போன முறைப் படத்தையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்தால், சொத்தை வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

கதிர்வீச்சுக்கும் சேர்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரு வழக்கமான பைட்விங் எடுப்பில் கிடைப்பது சுமார் 0.005 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண், காற்று, வானத்திலிருந்து உலகில் சராசரி மனிதருக்கு வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது, கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு நாள் பங்கு. அதற்காக ஒவ்வொரு வருகையிலும் எடுக்கவேண்டும் என்றில்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்தின் 2012 வழிகாட்டல், சொத்தை அபாயம் குறைந்த பெரியவர்களுக்கு 24 முதல் 36 மாதத்துக்கு ஒருமுறை என்கிறது, அபாயம் உள்ளவர்களுக்கு 6 முதல் 18 மாதம். கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு பற்களும் ஒரே ஆழத்தில் இருக்கவேண்டும் என்றில்லை. ஒன்று எனாமலோடு நிற்கலாம், இன்னொன்று உள்ளே போயிருக்கலாம். தனித்தனியாகக் கேளுங்கள். இன்னும் மனசு ஒப்பவில்லை என்றால் படங்களின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு மருத்துவரிடமோ அரசாங்கப் பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள். படம் புதிது என்றால் அங்கே திரும்ப எடுக்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. சாஸ் அட்டை (மருத்துவச் செலவுக்கு சிங்கப்பூர் அரசு தரும் மானிய அட்டை) வைத்திருந்தால் முன்பதிவு செய்யும்போதே சொல்லி, எதற்கெல்லாம் மானியம் உண்டு என்று விசாரித்துக்கொள்ளுங்கள், கடைசியில் கவுண்டரில் நின்று கேட்டால் எங்களுக்கும் சங்கடம்.